உட்காரத் தெரியாத நீதிபதி

போன திங்கள்கிழமை கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கோர்ட்டில் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்... ஜிம்முக்குப் போயிருந்தால்கூட முட்டிக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது!

எல்லாம் கவிதா செய்த வேலை. என் காலேஜ் ஹாஸ்டல் ரூம்மேட். அப்புறம் சட்டம் படித்து, கடலூரில் ஆறு வருடம் வக்கீல். சீனியருக்குக் கேஸ் கட்டு தூக்கி, திட்டு வாங்கி, நடுவில் நீதிபதித் தேர்வும் எழுதி — முதல் தடவை ஊத்திக்கொண்டு, அடுத்த தடவை பாஸ். டிரெயினிங் முடிந்து போஸ்டிங் எங்கே? எங்கள் ஊர்ப் பக்கம்! விடுவேனா? முதல் நாளே கடைசி பெஞ்சில் ஆஜர். எந்தக் கோர்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு ஜாமீன் எடுக்க ஆள் இல்லை.

முதல் கேஸ், நிலத் தகராறு. சாட்சி செல்வி. கல்வராயன் மலையிலிருந்து அத்தனை வளைவிலும் பஸ்ஸில் குலுங்கி இறங்கி வந்தவள். நிறைமாதம். இன்றைக்குச் சாட்சி சொல்லாவிட்டால், அடுத்த வாய்தாவுக்குக் கைக்குழந்தையோடு மறுபடி மலை இறங்க வேண்டும். கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

கவிதாவுக்கு மனசு கேட்கவில்லை. "அவங்களுக்கு ஒரு சேர் போடுங்க."

சொன்னது சரிதான்... எழுந்து நின்று சொன்னாள்!

பாவம், என்ன செய்வாள்? கோர்ட்டில் வாயைத் திறந்தாலே எழுந்து பழகிய வக்கீல் கால். ஆனால் நீதிபதி எழுந்தால்? மொத்தக் கோர்ட்டும் எழ வேண்டும். எழுந்தது. கோர்ட் டவாலி கொண்டுவந்து போட்ட சேரில் உட்காரப் போன செல்வியும் நிமிர்ந்தாள்.

"இன்னா சார், அதுக்குள்ள லஞ்சா?" என்று ஒரு வக்கீல் கிசுகிசுத்தார்.

"தெரியல. நான் டீ குடிச்சினு வந்துர்றேன்" என்று பக்கத்தில் இருந்தவர் கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பியேவிட்டார். அவர்தான் செல்வி தரப்பு வக்கீல்!

கவிதா பதறி உட்கார்ந்தாள். நாங்களும். "சார், எங்க போறீங்க? வாங்க!" — ஐயோ, மறுபடி எழுந்து! நாங்களும் மறுபடி! டீக்குக் கிளம்பியவர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். டவாலி சிரிப்பை அடக்க ஃபேனைப் பார்த்தார். நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். செல்விக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? "சாட்சிக்கு முடியல போலங்க அம்மா. வாய்தா போட்டுக்கலாங்களே?"

நின்றுகொண்டிருந்த கவிதாவின் முகம் செத்துப்போனது.

"வாய்தாலாம் வேணாம்மா!" செல்வி கூண்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க மொதல்ல உக்காருங்க. நீங்க உக்காந்தாதானே நாங்க உக்கார முடியும்?"

கோர்ட்டே சிரிப்பில் குலுங்கியது. கவிதாவும்தான். இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்து, "சொல்லுங்க செல்வி" என்றாள். சேரில் சாய்ந்தபடி செல்வி சொன்னாள். சாட்சியம் அன்றைக்கே முடிந்தது.

ஆக, என் தோழியின் கோர்ட்டில் முதல் உத்தரவு போட்டது சாட்சி. அதுக்கு அப்பீலே கிடையாது!