பந்தற்காலுக்குத் தட்டுப்பட்ட கல்

அறுபதுகளின் கடைசியில், நாரந்தனையில் நடந்தது இது. தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த நான், அப்பா இறந்த செய்தி கேட்டு ஊருக்கு ஓடி வந்தேன்.

அடுத்த வளவுக்காரருக்கும் எங்களுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. எல்லைக் கல்லைப் பிடுங்கி எறிந்து, வேலியைத் தள்ளி எங்கள் காணியைப் பிடித்துவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. நான் தீர விசாரிக்கவே இல்லை. முந்தின சித்திரைக்கு வந்தபோது வேலியடியில் நின்று, நாலு பேர் கேட்க அவரைக் "கள்ளன்" என்று கத்தினேன். வழக்கும் போட்டோம். கடைக்காரன் அல்லவா, வாய்க்குக் குறைவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குத்தான் அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்குக் காதில் விழுந்தால் போதும். நான் வந்து சேர்ந்தபோது, சனம் நிற்க இடம் வேண்டுமென்று அந்த வேலியை அவரே பிரித்துவிட்டிருந்தார். எங்கள் வளவில் பந்தற்கால் நட அலவாங்குக் கடப்பாரையால் குழியும் தோண்டிக்கொண்டிருந்தார்.

"டங்" என்று ஒரு சத்தம். குனிந்து கையால் மண்ணை விலக்கினார். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். அடையாளம் வெட்டிய எல்லைக் கல். வேலி நின்ற இடத்திலிருந்து நல்ல இரண்டு முழம் எங்கள் பக்கம், நட்ட இடத்திலேயே மண்ணுக்குள் மூடிக் கிடந்தது. அவர் எங்கள் காணியைப் பிடிக்கவில்லை. நாங்கள்தான் அவருடையதைப் பிடித்திருந்தோம். கல்லைப் புதைத்தவர் தலைமாட்டில் குத்துவிளக்கோடு உள்ளே கிடந்தார்.

முற்றத்தில் ஊரே நின்றது. அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் வழக்கும் முடிந்திருக்கும், எங்கள் மானமும் போயிருக்கும். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

"இதிலை கல்லுக் கிடக்குது, தம்பி. கால் இறங்காது. கொஞ்சம் தள்ளி நடுவம்."

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது. "ஓம் அண்ணை" என்று பந்தற்காலைத் தூக்கிக்கொண்டு அவர் காட்டிய இடத்துக்குப் போனேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து வேலி அடைத்தபோது, கல் கிடந்த நேருக்கே கதியால் தடிகளை நடச் சொன்னேன். வழக்கையும் விட்டேன். அந்தளவு புத்தியாவது இருந்தது. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "தகப்பன் செத்த கையோடை தன்ரை காணியையே விட்டுக்குடுத்திட்டான். பெரிய மனசு." நான் மறுக்கவில்லை. அப்பாவின் பெயர் கெடக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் புகழ் இனித்தது.

தேத்தண்ணிக் கடையில் ஒருவர், நான் நிற்கும்போதே அடுத்த வளவுக்காரரைச் சீண்டினார்: "அந்தத் தம்பி விட்டுத் தந்தபடியால் நீர் தப்பினீர்."

அவர் என்னைப் பார்க்காமலே, "ஓம், அவர் நல்ல பிள்ளை" என்றார்.

அவர் காலமாகிவிட்டார். கள்ளன் என்று ஊர் கேட்கக் கத்திய என் வாய், கள்ளர் நாங்கள்தான் என்று சொல்ல அவர் இருந்தவரை திறக்கவில்லை. இன்று எழுதத் துணிந்தும், என் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.