முன்சக்கரத்தைப் பார்த்து மாட்டிய கிளிப்

கிளிப் போட்டு இணைத்த சைக்கிள் செயினை நம்பலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் எரிச்சல்தான் வரும். தாராளமாக நம்பலாம். விரல் நகத்தளவு தகடு அது. அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், வாய் பிளந்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி மாட்டினால் வருஷக்கணக்கில் கழலாது. மாற்றி மாட்டினால் எந்த நிமிஷம் கழலும் என்று சொல்ல முடியாது. இவ்வளவு கறாராகப் பேசுகிற நான் ஒரே ஒரு தடவை மாற்றி மாட்டினேன்.

அப்போது இலங்கையில் கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுந்த செயினுக்கு டவுனில் வாங்கிய கிளிப் கண்ணியைப் போட்டேன். ஸ்டாண்டு கிடையாது, சைக்கிளைக் கவிழ்த்து, சீட்டும் ஹாண்டிலும் தரையில் படும்படி நிறுத்தித்தான் நாங்கள் வேலை பார்ப்போம். மூடிய பக்கம் முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கவிழ்த்த சைக்கிளில் மேலே தெரிந்த வரிசையில் அப்படியே மாட்டினேன். நிமிர்த்தினால் அது கீழ் வரிசை, அங்கே செயின் பின்னோக்கி ஓடும் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

பக்கத்து அறையில், நாங்கள் காம்பரா என்போம், இருந்தவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். தோட்டத்துத் தமிழர்களான நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் என்று ஆன பிறகு, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்த காலம் அது. அவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஹட்டனில் விசாரணை. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். எனக்கு முந்தின மாதமே விசாரணை நல்லபடியாக முடிந்திருந்தது.

அன்று காலை பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. சைக்கிள் என்றால் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். அவர் கேட்பதற்கு முன்பே நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “புதுக் கிளிப்பு போட்டிருக்கேன், தைரியமா மிதிங்க தம்பி” என்று வேறு சொன்னேன். அந்த வாயை என்ன செய்வது!

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் செயின் கழன்று விழுந்திருக்கிறது. கிளிப்பைப் பாதையோரச் சேற்றில் தேடிப் பார்த்திருக்கிறார். ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருளை வழியில் போட்டுவிட்டுப் போக மனசு வராமல், தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது மூன்று தடவை பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. விசாரணைக்கென்று வெளுத்துப் போட்டுப்போன வெள்ளைத் துண்டில் செயினைச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“கிளிப்பு மட்டுந்தான் காணாமப் போச்சுங்கண்ணே. மத்ததெல்லாம் இருக்கு.”

அடுத்த ஞாயிறு வேறு கிளிப் மாட்டப்போனேன். கவிழ்த்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றியபோது, மேல் வரிசை முன்சக்கரத்தை விட்டு விலகி ஓடுவதைப் பார்த்தேன். இந்தத் தடவை கிளிப்பை மற்றப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் மனு மேல் மனு போட்டார்; ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்தாலும் எனக்குச் சோறு இறங்காது. செயின் விழுந்த இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அது தாரில் விழுகிற சத்தம் இத்தனை வருஷமாக என் காதில் கேட்கிறது. எனக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி வந்ததும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன், பெண்டாட்டியிடம்கூட இரண்டு நாள் சொல்லவில்லை.

பிறகு இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசி, பிரஜாவுரிமை கிடைக்காதவர்களில் இன்னின்னார் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் குடும்பமும் கிளம்பியது. கொட்டகலை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று பாதை நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வண்டியில் ஏறியவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேங்க. அன்னைக்கு அந்த ஏத்தத்துல நான் எழும்பி நின்னு மிதிச்சிருக்கக் கூடாது. ஒங்க செயின நாந்தான் கெடுத்துட்டேன். அப்பா அவசரப்பட்டதாலதான் இப்படிப் போறோம்னு பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

பெரியவள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டு விசில் ஊதினார். வண்டி நகர்வதற்குள் சொல்ல நேரம் இருந்தது, நன்றாகவே இருந்தது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நான் அப்பவே மறந்துட்டேன்” என்றேன். அவரை நான் மன்னித்து அனுப்பிவைத்தேன்.