பனி வராது என்றவர்

ஆல்டர்பியில் கால்நடை மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது தெல்மா பெயின்பிரிட்ஜின் முகத்தைத்தான். முன்னறை மேசையில் உட்கார்ந்திருப்பாள். யார் வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது, யார் வீட்டு நாய் எலி மருந்தைத் தின்று தொலைத்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பண்ணைக்காரர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்பது வேறொன்று. "தெல்மா, இந்த வாரம் மேல என்ன நடக்குது?" மேல என்றால் வானம்.

வானத்தைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் பிறந்த பண்ணை ராஷ்கில் மேட்டில், கற்சுவர்களெல்லாம் முடிந்து வெறும் புல்லும் காற்றும் தொடங்குகிற இடத்தில் இருந்தது. அப்பா முன்கோபி. பனி கொட்டிப் பாதை அடைபட்ட நாட்களில் மட்டும் அந்த மனுஷன் அடுப்பருகே உட்கார்ந்து யாரிடமும் வாயைத் திறக்காமல் சீட்டாடுவார். வீடு அன்றைக்குத்தான் வீடாக இருக்கும். அதனாலோ என்னவோ, பனி என்றாலே அவளுக்கு நிம்மதி. அப்பா போய், பண்ணை தம்பி டெனிஸுக்கு வந்து, இவள் கல்யாணம் செய்து, அது முறிந்து, ஆல்டர்பியில் தனியாக ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்தால் கணினியைத் திறந்து, மலைப்பக்கத்து வானிலைப் பைத்தியங்கள் கூடும் இணைய அரங்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த அரங்கத்தில் ஜனவரிப் பனியைப் பற்றிப் பெரிய சண்டை வராது. அது வரவேண்டிய காலத்தில் வருவது. சண்டையெல்லாம் மார்ச் மாதம் பாதி கழிந்த பிறகுதான். கிழக்கிலிருந்து குளிர்காற்று, தென்மேற்கிலிருந்து மழைமேகம், இரண்டும் நம் தலைக்கு மேல் முட்டிக்கொண்டால் விழுவது மழையா பனியா? ஒரு பாகை வெப்பம் கூடினால் மழை, குறைந்தால் பனி. அந்த ஒரு பாகைக்காக வளர்ந்த மனிதர்கள் வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

தெல்மா பனிக் கட்சி. அவளுக்கு எதிர்க்கட்சி ஒரே ஒரு ஆள், சிரில் கூல்சன்.

சிரில் பக்கத்து ஊர்க்காரர். சிமெண்டு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு. எதையும் சொல்வதற்கு முன்னால் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொள்வார். இவள் 'வரும்' என்று எழுதினால் கால்மணி நேரத்துக்குள் 'வராது' என்று பதில் வந்துவிடும். கிழக்குக் காற்று கடலைத் தாண்டித்தானே வரணும், கடல் அதைச் சூடாக்காமல் விடுமா என்பார். மார்ச் கடைசியில் சூரியன் செப்டம்பர் உயரத்தில் நிற்கிறது, மேகத்துக்குப் பின்னால் நின்றாலும் அது சூரியன்தான் என்பார். முடிவில் எப்போதும் ஒரே வரி எழுதுவார்: ஆட்டுக்குட்டிக்குக் கம்பளி வேண்டாம், குடை போதும்.

தெல்மாவும் விடமாட்டாள். மழை வலுத்துக் கொட்டினால் மேலேயிருக்கிற குளிரை அதுவே கீழே இழுத்து வந்துவிடும், அப்போது உங்கள் கடலும் சூரியனும் என்ன செய்யும் என்று கேட்பாள். மாதத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பேரும் நேரிலேயே மோதிக்கொள்வதும் உண்டு. "அம்மணிக்கு ஆசை அதிகம்" என்று அவர் சொல்வார். "ஐயாவுக்கு ரத்தத்துலயே வெந்நீர்" என்பாள் இவள். கடைக்காரி இருவருக்கும் கேட்காமலே வெண்ணெய் தடவிய பன்னைக் கொண்டுவந்து வைப்பாள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை மழைதான் பெய்தது. அதற்காக அவர் ஒருநாளும் கொக்கரித்ததில்லை. அதுதான் தெல்மாவுக்கு விசித்திரமாக இருக்கும். ஜெயித்த மறுநாள் அந்த மனுஷன் கண்ணெல்லாம் வீங்கி, தூங்காதவர் போல வருவார்.

ஒரு வருஷம் பிப்ரவரியில் சிரில் இறந்துபோனார். தோட்டத்தில் மழைமானியைப் பார்க்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு. அடக்கத்தன்று தெல்மா கடைசி வரிசையில் நின்றாள். அவருடைய மனைவி மேவிஸ் வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்தாள். இவள் முறை வந்தபோது மட்டும் கையைச் சற்று அதிக நேரம் பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் தெல்மாவுக்கு அது ஆரம்பித்தது. அரங்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும், அதற்கு சிரில் சொல்லியிருக்கக்கூடிய பதில் தலைக்குள் கேட்கும். முதலில் அது வெறும் ஞாபகம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஞாபகம் பழையதைத்தானே சொல்லவேண்டும்? இந்தக் குரல் அன்றன்றைய வரைபடத்தைப் பார்த்துப் பேசியது. பாத்திரம் கழுவும்போது பேசியது. மருத்துவமனையில் தொலைபேசியை எடுக்கக் கை நீட்டும்போது, இரண்டு செருமல் பின்னாலிருந்து கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். அந்த வெறுமையைப் பார்க்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை.

மார்ச் மூன்றாம் வாரத்தில் வரைபடங்கள் கூடிவந்தன. ஸ்கேண்டிநேவியா மேல் உயர் அழுத்தம், கிழக்குக் காற்று, தென்மேற்கிலிருந்து ஒரு பெரிய மழைச்சுழல். இரண்டும் முட்டிக்கொள்ளப்போவது வெள்ளிக்கிழமை. அரங்கமே திருவிழாவாகிவிட்டது. லீட்ஸ் நகரத்தில் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பனிக்கரடி என்ற பெயரில் எழுதும் ஒருவன் மணிக்கு ஒரு படம் போட்டான். முழங்கால் உயரம் என்றான். இடுப்பு உயரம் என்றான். மறுத்துச் சொல்ல ஒருவர் இல்லை.

தெல்மாவுக்கு அது தாங்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் இத்தனை வருஷமும் அவள் சொல்லிவந்தது அப்படியே எதிரில் நிற்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள். ஆனால் எதிர்ப்பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும்போது எப்படிச் சந்தோஷப்படுவது? யாராவது அவருக்காகப் பேசவேண்டும் என்று தோன்றியது. விசைப்பலகையில் கை வைத்தாள். கடலைப் பற்றி எழுதினாள். சூரியனைப் பற்றி எழுதினாள். தானாகவே வந்தது. ஆட்டுக்குட்டிக்குக் கம்பளி வேண்டாம், குடை போதும் என்று முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சிரிலோட ஆவி வந்துருச்சுடோய். தெல்மா மேல ஏறி உக்காந்திருக்கு" என்று பனிக்கரடி எழுதினான். பலரும் சிரித்தார்கள். தெல்மா கணினியை மூடிவிட்டு எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் டெனிஸ் மருத்துவமனைக்கே தொலைபேசியில் கூப்பிட்டான். ஈன்ற ஆடுகளும் குட்டிகளும் மேல்புல்வெளியில் நின்றன. கீழே கொட்டகையில் இன்னும் ஈனாதவை நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, இறக்கவா வேணாமா? வானொலியில ஒண்ணு சொல்றான், தொலைக்காட்சியில ஒண்ணு சொல்றான். நீ சொல்லு."

தெல்மா இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். அவளுக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை.

"மழைதான்டா" என்றாள். "மேலயே இருக்கட்டும்."

சொன்ன பிறகு வெகுநேரம் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டிருந்தாள். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அப்போது நினைக்கவில்லை. தம்பியிடம் பேசியது யார் என்பதுதான் அவளை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலையில் மழைதான் பெய்தது. பத்துமணிக்கு வலுத்தது. கூரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த சத்தம் மத்தியானத்துக்கு முன்னால் சட்டென்று அடங்கியது. நாய்க்குத் தடுப்பூசி போட வந்திருந்த ஒருத்தி, "அப்பாடா, நின்னுருச்சு" என்றாள். தெல்மா ஜன்னலைப் பார்த்தாள். நிற்கவில்லை. மழை சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய செதில்கள், சாய்வாக, அவசரமே இல்லாமல். வலுத்த மழை குளிரைக் கீழே இழுத்துவிட்டது. வருஷக்கணக்காக அவள் சொல்லிவந்தபடியே. அதைப் பார்த்ததும் அவள் நெஞ்சு ஒரு கணம் சின்னப் பிள்ளை போலத் துள்ளியது. பிறகுதான் டெனிஸ் ஞாபகம் வந்தது.

தொலைபேசியை அவன் மனைவி எடுத்தாள். அவன் நாயோடு மேலே போய்விட்டானாம். பொழுது சாயும்வரை திரும்பவில்லை. திரும்பியபோது கற்சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தானாம், எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லையாம். உயிரோடு வந்தான். ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிச் சுவரோரம் போய் நின்றிருக்கின்றன. காற்று பனியை வாரிக்கொண்டுபோய்க் குவித்ததும் அதே சுவரோரம்தான்.

நாலாம் நாள் பாதையைத் திறந்துவிட்டார்கள். தெல்மா மேலே போனாள். டெனிஸ் நீண்ட கழியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். நாய் ஓரிடத்தில் நின்று முனகினால் அங்கே தோண்டுவார்கள். சில ஆடுகள் மூச்சுவிட்ட ஓட்டைக்குக் கீழே கம்பளியைத் தாங்களே கடித்துத் தின்றபடி உயிரோடு இருந்தன. குட்டிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. வாசற்கதவருகே அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். தெல்மாவும் மண்வெட்டியை எடுத்தாள். சாயங்காலம்வரை அக்காவும் தம்பியும் தோண்டினார்கள். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"நீ சொன்னதால விடலக்கா. கொட்டகையில இடமில்ல. விட்டுரலாம்னு யாராவது சொல்லமாட்டாங்களான்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் அது அவளை இன்னும் ஆழமாக வெட்டியது. சொன்னது நான் இல்லையடா என்று வாய்வரை வந்தது. எப்படிச் சொல்வது? தம்பி பைத்தியம் என்றுதான் நினைப்பான். குனிந்து தோண்டினாள்.

அரங்கத்தில் பனிக்கரடி அளவுகோலை நட்டுவைத்த படங்களாகப் போட்டுத் தள்ளினான். ஆவி எங்கே, ஒளிந்துகொண்டதா என்று கேட்டிருந்தான். தெல்மா பதில் எழுதவில்லை. அந்த வசந்தம் முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை. தலைக்குள் குரலும் வரவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வந்த காரியம் முடிந்தது என்று போய்விட்டதைப்போல.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேவிஸைப் பார்க்கப் போனாள். மேவிஸ் தேநீர் போட்டு, பழ ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டி வைத்தாள். தெல்மா சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். குரல், செருமல், தொலைபேசி, குட்டிகள். மேவிஸ் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"நீ அவரோட வாதத்தைத்தான் எடுத்தே கண்ணு" என்றாள். "அதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

உலகப் போர் முடிந்த பிறகு வந்த பெரிய பனிக்காலத்தில் சிரிலுக்கு ஒன்பது வயது. மார்ச் மாதம். பள்ளியில் கணக்குப் பரீட்சை. காலையில் ஜன்னலில் நின்று, பனி கொட்டணும், பள்ளிக்கூடம் மூடணும் என்று வேண்டிக்கொண்டானாம். மத்தியானம் கொட்டியது. பள்ளியை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிரில் பையன்களோடு பனியுருண்டை எறிந்து விளையாட நின்றுவிட்டான். தம்பி லெஸ்லி, ஆறு வயது, அண்ணன் பின்னால் வருவான் என்று முன்னால் நடந்தான். பனி கரைந்த பிறகு, வீட்டுக் கூரை தெரிகிற தூரத்தில், ஒரு சுவரோரத்தில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள்.

"யாராவது பனி வரும்னு ஆசைப்பட்டு எழுதினா அவருக்கு இருப்புக்கொள்ளாது" என்றாள் மேவிஸ். "மொதல்ல வரக்கூடாதுன்னு மனசுல முடிவு பண்ணிருவாரு. அப்புறம்தான் கடலு, சூரியன் எல்லாம் தேடுவாரு. தேடினா கிடைக்கும். அவர் கெட்டிக்காரர். ஆனா எழுதிட்டு வந்து ராத்திரி பூரா தெருவிளக்கையே பாத்துட்டு நிப்பாரு, வெளிச்சத்துல செதில் விழுதான்னு."

தெல்மா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எழுதறதை நிறுத்திருவே. நீ நிறுத்திட்டா அவர் யாரை எதுத்து வேண்டாம்னு சொல்றது? அன்னைக்கு மாதிரி ஜன்னல் பக்கம் தனியா நின்னு சொல்ல பயம் அவருக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தெல்மா வண்டியை மெதுவாக ஓட்டினாள். தான் எட்டுத் தடவை தோற்றதும் இரண்டு தடவை ஜெயித்ததும் இப்போது வேறு மாதிரி தெரிந்தன. அவள் ஜெயித்த இரண்டு முறையும் அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்? அந்த வாரங்களில் அவள் எழுதியவை எவ்வளவு குறும்பாக, எவ்வளவு குத்தலாக இருந்தன!

அடுத்த குளிர்காலத்தில் அரங்கத்துக்குத் திரும்பினாள். ஆனால் பழைய தெல்மா இல்லை. பார்த்ததை எழுதுவாள், 'வரும்' 'வராது' என்று எழுதமாட்டாள். பனிக்கரடி சீண்டிப் பார்த்தான். மூன்று நாளில் அவனுக்கே சலித்துவிட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாததால் மார்ச் மாதம் அரங்கம் களையிழந்து கிடந்தது.

மார்ச் கடைசியில் மறுபடி ஒரு கிழக்குக் காற்று வந்தது. டெனிஸ் கூப்பிட்டான். தெல்மா வரைபடத்தைப் பார்த்தாள், அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு, "தெரியலடா. இறக்கிரு" என்றாள்.

இறக்கினான். அன்றைக்கு மழைதான் பெய்தது, நாள் முழுக்க, நசநசவென்று. கொட்டகை நெருக்கத்தில் இரண்டு குட்டிகள் மிதிபட்டுச் செத்தன. டெனிஸ் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

தெல்மா தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். தண்ணீர் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. நல்லவேளை என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னது மனப்பூர்வமாகத்தான். ஆனால் எங்கேயோ அடியில், அப்பா அடுப்பருகே பேசாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டிலிருந்து, ஒரு சிறுமி கொஞ்சம் குளிர் கூடக்கூடாதா, கொஞ்சம் கூடக்கூடாதா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். தெல்மா திரையை இழுத்து மூடினாள்.