கட்டில் சின்னம்

போன வாரம் மகள் இங்கிலாந்திலிருந்து பேசினாள். அங்கே ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பேச்சுவாக்கில், "இன்னிக்கு டூட்டிக்கு முன்னாடி ஓட்டுப் போட்டுட்டு வந்தேம்ப்பா" என்றாள்.

"ஒனக்கு அங்கன ஏதும்மா ஓட்டு?"

உள்ளாட்சித் தேர்தலில் நம் ஊர்க்காரர்களுக்கும் ஓட்டு உண்டாம். வேட்பாளர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தனியாக வந்து கதவைத் தட்டி, ஒரு நோட்டீஸைக் கொடுத்து, தெருவிளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

"மைக் செட்டு?"

"மைக்கா? போலீஸ் வந்துரும்ப்பா."

எனக்குச் சுருக்கென்றது. மைக் இல்லாத தேர்தல் என்று ஒன்று இருந்தால், கல்யாணமான புதிதில் நான் பார்த்த தொழிலுக்கு என்ன மரியாதை? கம்பம் டவுனில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊர் ஊராகக் கத்துவேன். என் குரல் வானொலிக்குப் போகவேண்டிய குரல் என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் என்றதும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது சூடான ஆம்ப்ளிஃபயரில் தூசி கருகும் வாசனை. அதோடு பன்னீர் திராட்சை வாசனையும் கலந்திருக்கும். காசிம் பாயின் ஆட்டோ காலையில் திராட்சைப் பெட்டி ஏற்றும். மாலையில் பிரச்சாரத்துக்கு வரும். நசுங்கிய பழத்தின் மேல் உட்கார்ந்துதான் நான் 'வாக்காளப் பெருமக்களே' என்று ஆரம்பிப்பேன். என் வேட்டிகளின் பின்பக்கமெல்லாம் ஊதா நிறம்.

அப்படி ஏறிய ஆட்டோக்களில் மறக்க முடியாதது செல்லத்தாயி அக்காவுக்காக ஏறியது. காமயகவுண்டன்பட்டி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அந்த முறை ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தது. பெரிய தோட்டக்காரர் ஒருவர் தன் மனைவியின் பெயரில் நின்றார். அந்த அம்மாளைப் போஸ்டரில் மட்டும் பார்க்கலாம். எதிரே செல்லத்தாயி அக்கா. திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிற கூலி வேலை. புருஷன் இல்லை. வளர்ந்த மகன் ஒருவன்.

தோட்டக்காரர் வீட்டுக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைத்தது கட்டில்.

நினைத்துப் பாருங்கள். புருஷனை இழந்த ஒரு பெண் தெருத்தெருவாகப் போய்க் கட்டிலுக்கு ஓட்டுக் கேட்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா, ஒங்க கட்டிலுக்கு நாங்க எல்லாரும் வந்துருவோம்ல!" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அடுத்த மூன்று தெருவுக்குச் சின்னத்தின் பெயரையே சொல்லாமல், 'உங்கள் சின்னம், நமது சின்னம்' என்று மழுப்பிக்கொண்டே போனேன். அக்கா ஆட்டோவுக்கு முன்னால் கும்பிட்டபடி நடந்தார்.

அன்று திரும்பும்போது காசிம் பாய்தான் சொன்னார். ஊருக்கும் மேற்குத் தெருவுக்கும் நடுவில் ஒரு ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இறங்கினால் அந்தத் தெருவுக்கு வண்டி போகாது. நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ, கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தோளில் தூக்கி ஓடையைக் கடந்தால்தான் ரோடு. அக்காவின் புருஷனை நெஞ்சுவலியோடு அப்படித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். தண்ணீர் வடியட்டும் என்று அக்கரையில் காத்திருந்தபோதே உயிர் போய்விட்டது.

மறுநாள் நான் பிரமாதமாகத் தயாராகிப் போனேன். குரலைத் தழுதழுக்க வைத்து, "கட்டிய கணவனை ஓடைக்குப் பறிகொடுத்த உங்கள் சகோதரி" என்று தொடங்கினேன். ஸ்பீக்கர் சட்டென்று செத்தது. திரும்பினால், அக்கா பேட்டரி வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவே யார்கிட்டயும் ஒண்ணு கேட்டதில்ல தம்பி. செத்த பொறவு அவர ஓட்டுக் கேக்க விடுறியே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வயரை அவரே மறுபடி மாட்டினார். பிறகு, "மைக்க இங்கன குடு" என்று வாங்கிக்கொண்டு நேராக மேற்குத் தெரு டீக்கடைக்கு நடந்தார். வயர் எட்டாமல் போய்விடுமே என்று காசிம் பாய் ஆட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"எஞ் சின்னம் கட்டிலு. நல்லா கேட்டுக்கங்க, கட்டிலு. இதச் சொல்றதுக்கு எனக்கென்ன கூச்சம்? ஏலே முருகா, நேத்துச் சிரிச்சியே, ஒங்க ஆத்தாவ பிரசவத்துக்கு ஓடையத் தாண்டித் தூக்கிட்டுப் போனாகளே, எதுலடா தூக்குனாக? பூட்டு சாவியிலயா?"

பக்கத்து வீட்டு வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முறத்தோடு எழுந்து நின்றார். முருகனின் அம்மாவேதான்.

"கட்டில்லதான் ஆத்தா! இடுப்புத் தண்ணியில தூக்கிட்டுப் போனாக. இந்தப் பய ரோட்டுக்குப் போறவரைக்கும் பொறுக்காம நடு ஓடையிலயே தலையக் காட்டிட்டான்!"

அப்புறம் எழுந்த சிரிப்பு முந்தின நாள் சிரிப்பு இல்லை. முருகனே தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அக்கா சிரிக்காமல் முடித்தார்: "இந்தக் கட்டில ஒருவாட்டி செயிக்க வைங்க. இனிமே யாரும் கட்டிலத் தூக்க வேண்டியதில்லாமப் பண்றேன்."

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. போகிற வாசலிலெல்லாம் பெண்களே பேசினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டில் கதை இருந்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஜெயித்தார், கொஞ்ச ஓட்டில்தான்.

ஜெயிப்பதும் பாலம் கட்டுவதும் ஒன்றல்லவே. யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். 'பார்க்கலாம்மா' என்பார்கள். கடைசியில் ஒரு மழைக்காலத்தில், இடத்தைப் பார்க்க ஒரு அதிகாரி வருவதாகத் தகவல். அக்காவிடமிருந்து கடைக்கு போன் வந்தது.

"தம்பி, இந்தத் தடவ மைக்கு வேணாம். தோளத் தூக்கிட்டு வா."

போனேன். ஓடையில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி, மேற்குத் தெருவை இங்கிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்கிறேன் என்றார். அக்கா ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்.

"அங்கன வந்து பாத்தாத்தான சார் தெரியும். ஒக்காருங்க. எங்க ஆளுக பழக்கப்பட்டவுக."

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் தயங்கி, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான், காசிம் பாய், முருகன், அக்காவின் மகன், நான்கு பேரும் தூக்கினோம். மைக்கைத் தவிர எதையும் தூக்காத தோள் என்னுடையது. நடு ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு வந்து காலுக்கடியில் மணல் நழுவியபோது கட்டில் என் பக்கம் சாய்ந்தது. அதிகாரி சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு ஷூ போயே போய்விட்டது. அக்கா கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஓட்டுக்காக அன்றைக்கு நான் அழுகைக் குரலில் விற்கப் பார்த்த விஷயம் என்ன கனம் என்று அப்போதுதான் தோளுக்குத் தெரிந்தது.

அக்கரையில் இறங்கிய அதிகாரி வந்த ஓடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போறப்பவும் இதுலதானாம்மா?" என்று கேட்டார்.

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

அடுத்த மழைக்குள் பாலம் வந்துவிட்டது. அதற்கடுத்த தேர்தலில் அக்கா தோற்றுப்போனார். வருத்தம் விசாரிக்கப் போனவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை கத்தரியை எடுத்துக்கொண்டு கொத்து வெட்டப் போய்விட்டார்.

மகள் பேசிய பிறகு அக்காவைப் பார்க்கத் தோன்றியது. டவுன் பஸ்ஸில் போனேன். வழியில் சுவர்களில் சின்னங்கள் இல்லை. எல்லாம் போனுக்குள் போய்விட்டன. நான் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். காசிம் பாயும் இல்லை. அக்கா வீடு பூட்டியிருந்தது. இந்த வயதிலும் தோட்டத்துக்குத்தான் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்கலாம் என்று நடந்து வந்து பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் இல்லை, புதர் மண்டிக் கிடந்தது.

மேற்குத் தெருவிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பாலம் வந்த பிறகு பிறந்தவளாக இருக்க வேண்டும். வேற்று ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தி, யார் வீட்டுக்கு என்று விசாரித்தாள். சொன்னேன். பேச்சை வளர்க்க நினைத்து, "இப்பல்லாம் ஓடையில தண்ணி வருதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஓடையா? இங்கன ஓடை ஏதுண்ணே?"