வலது பீரோவின் சிறந்த வாசகி

எங்கள் பள்ளியில் நூலகம் என்று தனி அறை கிடையாது. ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த இடத்தைக் கூட்டித் துடைத்து இரண்டு இரும்பு பீரோக்களை நிறுத்தினோம். அதுதான் நூலகம். அதற்குப் பொறுப்பு எங்கள் தமிழ் டீச்சர்; அவர் பாடம் எடுத்தது மேல்நிலை வகுப்புகளுக்கு மட்டும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'முன்னுரை'. ஒரு புத்தகத்தைக் கேட்டால் அதைப் பற்றிக் கால்மணி நேரம் பேசாமல் கையில் தரமாட்டார். நான் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஆக, அத்தனை முன்னுரைகளையும் ஒன்று விடாமல் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

பிள்ளைகளின் புத்தகங்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயங்களுக்கே தனியாக ஒரு பீரோ வேண்டும். பத்திலிருந்து பதிமூன்று வயதுவரைக்குமான கதையில் பெரியவர்கள் முதல் பத்துப் பக்கத்துக்குள் எங்காவது ஒழிந்துபோக வேண்டும் என்பார். வெளியூர் போகட்டும், காய்ச்சலில் படுக்கட்டும், குறுக்கே மட்டும் நிற்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் அறிவுரை சொல்லும் புத்தகத்தைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சோத்தப் போட்டுட்டு, கை கழுவறதுக்குள்ள புத்தி சொல்ற மாதிரி இருக்கு சார்" என்று என் மேஜையில் தூக்கிப் போடுவார், ஏதோ நான்தான் எழுதியது போல. பதினான்கைத் தாண்டியவர்களுக்கு வேறு சட்டம். அவர்கள் படிக்கும் கதையில் நல்லவன் ஒரு தப்பாவது செய்திருக்க வேண்டும். அந்தத் தப்பு கடைசியில் முழுசாகச் சரியாகவும் கூடாது.

"இந்த வயசுல பொய் சொன்னா அதுங்களுக்கு உடனே தெரிஞ்சிடும் சார். அப்புறம் புத்தகத்தையே தொடாதுங்க."

"என் கணக்குப் புத்தகத்துல பொய்யே கிடையாது டீச்சர். அதையும்தான் தொட மாட்டேங்குறாங்க" என்பேன்.

இடது பீரோ சின்னவர்களுக்கு, வலது பீரோ பெரியவர்களுக்கு. இடது பீரோவில் ஒல்லியான, பெரிய எழுத்துப் புத்தகங்கள், பக்கத்துக்குப் பக்கம் படம். வலது பீரோவில் தடி தடியாக, பொடி எழுத்தில். வலதுக்குப் போனவர்கள் இடதுக்குத் திரும்பக் கூடாது என்பது டீச்சரின் விதி. இன்னொரு விதியும் உண்டு. படித்ததைச் சுருக்கி எழுதிக் கொண்டுவரச் சொல்லவே மாட்டார். எழுதச் சொன்னால் படிக்கிற ஆசையே செத்துப்போகும் என்பார். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது எதிரே நின்று கதையைச் சொன்னால் போதும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல விதிகள்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் படிப்பைக் குழிதோண்டிப் புதைத்தன.

அவளை 'ரேடியோ' என்று கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். முதல் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவள் கதை சொன்ன அழகில், நான் திருத்திக்கொண்டிருந்த தாள்களை மூடிவைத்துவிட்டேன். கதை மட்டுமல்ல, அபிப்பிராயமும் சொல்வாள். "அந்தப் பையன் அழுதிருக்கவே கூடாது டீச்சர். கோவம்தான் வந்திருக்கணும்" என்பாள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. ஏழாம் வகுப்பு முடிவதற்குள் வலது பீரோவின் சாவியையே அவளிடம் கொடுத்தார். வாரம் ஒரு தடிப் புத்தகம் போகும், வாரம் ஒரு கதை வரும். எங்கே போனாலும் யாரைப் பார்த்தாலும் டீச்சர் வாயில் அவள் பேச்சுதான்.

ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் ஒருநாள் ரேடியோ இடது பீரோ முன்னால் நின்றாள். ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இத எடுத்துக்கவா?"

"யாருக்கு? வீட்ல தம்பி தங்கச்சி இருக்காங்களா?"

"இல்ல டீச்சர். எனக்குத்தான்."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். "உனக்கு இது ஒரு வாய்க்குக் காணுமாடி? ரூல் தெரியுமில்ல? வெச்சிட்டு அந்தப் பக்கம் போ." ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர் வலது பீரோவிலிருந்து புதிதாக வந்த ஒன்றை உருவி முன்னுரையை ஆரம்பித்துவிட்டார். ரேடியோவும் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வார்த்தைகளில் எழுதிய கணக்கை நான் வாசித்தால் முதல் ஆளாக விடை சொல்வாள். அதே கணக்கு தாளில் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகக் கிடக்கும். மூன்று தேர்வுகளில் இப்படி. மூன்றாவது தாளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாளோடு ஆசிரியர் அறைக்குப் போனேன். டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக, ரேடியோ அன்றைக்குச் சொன்ன கருத்தை எனக்குச் சொல்லத் தொடங்கினார். நான் தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாள் வரவேயில்லை.

பத்தாம் வகுப்பில் ஆண்டுவிழா வந்தது. அன்றுதான் புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கியிருந்தது. டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பள்ளியோட சிறந்த வாசகி இப்ப ஒரு பக்கம் வாசிப்பாங்க" என்று கூப்பிட்டுப் பிரிக்காத புத்தகம் ஒன்றை ரேடியோ கையில் கொடுத்தார்.

முதல் வார்த்தையை அவள் எழுத்துக் கூட்டினாள். இரண்டாவதையும் கூட்டினாள். மூன்றாவது வரவில்லை. கீழே பிள்ளைகள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு புரிந்து சிரித்தார்கள். அவள் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாக மேஜைமேல் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள், வகுப்பில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் ஆசிரியர் அறைக்கு வந்து உண்மையைச் சொன்னாள். யாரிடமும் வாய் திறக்காதவள். டீச்சரின் நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஆர்வம் இல்லை' என்று எழுதியிருக்கும். அவள்தான் எல்லாப் புத்தகத்தையும் படித்திருக்கிறாள். சாப்பாட்டு வேளையில் ரேடியோவுக்குச் சொல்வாளாம், ரேடியோ அதை வாங்கி இங்கே வந்து சொல்வாளாம். நாலரை வருஷம். டீச்சர் இரண்டு முறை ரேடியோவின் வீட்டுக்குப் போனார். இரண்டு முறையும் அம்மாக்காரி கதவைப் பாதி திறந்து, "அவ இல்லைங்க" என்று அனுப்பிவிட்டாள். ரேடியோ திரும்பப் பள்ளிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் அந்த விதியை எடுத்துவிட்டார். யார் எந்தப் பீரோவில் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, அரைப்பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். முன்னுரை நின்றுபோனது. 'முன்னுரை' என்ற பட்டப்பெயர் ஏன் வந்தது என்று பின்னால் வந்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பதினோரு வருஷம் கழித்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றபின், ரேடியோ ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறாள் என்று டீச்சருக்குத் தகவல் கிடைத்தது. "தனியாப் போகக் கால் வர மாட்டேங்குது சார், கூட வாங்க" என்றார். போனோம். கழுத்தில் அளவு நாடாவோடு நின்றவள் எங்களைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை.

"நான் உனக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா. அன்னிக்கு நீ அந்தச் சின்னப் புத்தகத்தைக் கேட்டப்பவே நான் புரிஞ்சிக்கிட்டிருக்கணும்."

"அன்னிக்குச் சொல்லிடணும்னுதான் டீச்சர் வந்தேன்" என்றாள் ரேடியோ. குரல் அப்படியே இருந்தது. "வாய் வரைக்கும் வந்திச்சு. ஆனா வீட்லயும் சரி, வெளியிலயும் சரி, நான் பேசினா நீங்க ஒருத்தர்தான் கையில இருக்கிற வேலையை வெச்சிட்டுக் கேப்பீங்க. சொல்லிட்டா அது போயிடுமேன்னு பயமா இருந்திச்சு. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சு, அடிச்சாவது கத்துக்கொடுக்க மாட்டாங்களான்னுதான் இருந்திச்சு."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் கேட்டார்: "யாராவது ஒருத்தர்னு சொன்னாளே சார். ஒருத்தருக்குமா தெரியல?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷமாக எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்த மனுஷியிடம் அன்றைக்கு என்னால் முடியவில்லை. மூன்று தாள்களைப் பற்றிச் சொன்னேன்.

"ஏன் சார் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க டீச்சர். அதைக் கெடுக்க மனசு வரல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"கெடுத்திருக்கலாமே சார். ஒம்பதாவதுதானே படிச்சிட்டிருந்தா" என்றார்.