மிளகாய் குடோனில் குதிரை நின்றோம்

தொடையிரண்டும் மிளகாயை அரைத்து அப்பியது போல எரியும். அந்த எரிச்சலோடு வற்றல் மூட்டைகளின் நெடியும் ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். தும்மல் முட்டிக்கொண்டு வரும். ஆனால் தும்மக் கூடாது, தும்மினால் கால் நகரும், கால் நகர்ந்தால் முதலிலிருந்து நிற்க வேண்டும். ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, மலையாள நாட்டுச் சித்தூரில் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பின்னாலிருந்த குடோனில் காலை வேளைகளில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இல்லாத குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்தவளாகப் பாதி குந்தி நின்ற அந்த நாலு மாதங்களை இப்போது நினைத்தாலும் கால் தானாக அகல்கிறது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் என்னைவிட இரண்டே வயது மூத்த சபியா, என் தாய்மாமன் மகள். மாமா மலாயாவில், ஈப்போ ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். அங்கே காட்டுக்குள் சண்டையும் ஊரெல்லாம் ஊரடங்குமாக இருந்த காலம் என்பதால் மாமியையும் சபியாவையும் கப்பலேற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு சீனத் தச்சருடையது. அவர் தம் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் முற்றத்தில் கற்றுக்கொடுத்த சண்டைப் பயிற்சிக்கு அங்கே 'குந்தாவ்' என்று பெயராம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சபியாவை அவர் ஒருநாள் கையைக் காட்டி உள்ளே கூப்பிட, ஐந்து வருஷம் அவளும் அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றிருக்கிறாள்.

இதைக் கேட்ட அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, ஏனென்றால் நான் அப்படிப்பட்ட பிறவி. "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, இவளுக்குக் கையும் சேத்தி" என்று அம்மா சலித்துக்கொள்வாள். பக்கத்தில் உட்காருகிறவளைக் கிள்ளுவேன், வாத்தியார் திரும்புவதற்குள் எழுந்து ஓடுவேன், யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் என் கை என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிடும். ஒருமுறை ஒருத்தியின் நெற்றியில் சிலேட்டாலேயே அடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனபின் அத்தா என்னைத் திட்டவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "பாரு புள்ளே, நம்ம தெருவுல உன் வயசுல ஒருத்தியும் பள்ளிக்கோடம் போறதில்ல. எல்லாத்து வாயையும் மூட வெச்சுட்டு நான் அனுப்பறேன். இன்னொரு பிராது வந்துச்சுன்னா அன்னைக்கோட நின்னுக்க." எனக்குப் படிப்பு என்றால் உயிர். வாத்தியார் சுவரில் மாட்டும் அந்தப் பெரிய நிலப்படத்துக்காகவே நான் ஓட்டமும் நடையுமாகப் போவேன். ஆனால் என் கை அதைக் கேட்க வேண்டுமே.

சபியாவிடம் நான் கேட்டது குத்தச் சொல்லிக்கொடு என்று. அவளோ என்னை நிற்கவைத்தாள். கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி, மூச்சை வயிற்றில் இறக்கி ஒரு ஊதுபத்தி எரிந்து தீரும்வரை நிற்க வேண்டும். தச்சர் வீட்டில் கடிகாரம் கிடையாது, பத்திதான் நாழிக் கணக்கு. முதல் நாள் சாம்பல் ஒரு விரற்கடை விழுவதற்குள் நான் விழுந்தேன். "எப்பக்கா குத்துறது?" என்று தினமும் நச்சரித்தேன். "நிக்கத் தெரியாதவ குத்துனா, குத்து வாங்குனவளுக்கு முன்னாடி இவ விழுவா" என்பாள் சிரிக்காமல். கோபத்தில் அவள் கணுக்காலை ஒருநாள் உதைத்தேன். கல்தூணை உதைத்தது போல என் கால்தான் வீங்கியது. இரண்டாம் மாதத்தில் அவளுக்கே அலுத்துவிட்டது, மாமிக்குத் தெரிந்தால் வம்பு, விட்டுவிடலாம் என்றாள். நான் விடவில்லை. கடையிலிருந்து பத்தியை எடுத்து வந்ததும், சிரட்டையில் மணல் நிரப்பி அதில் நட்டதும், அவளைக் கையைப் பிடித்து எழுப்பி இழுத்து வந்ததும் நான்தான்.

பலன் இருந்தது. ஒருநாள் வகுப்பில் ஒருத்தி எங்கள் மாமியை "கப்பல்ல வந்த அகதி" என்று சொன்னாள். என் கை எழுந்தது. அதே சமயம் பெஞ்சுக்கடியில் என் பாதங்கள் தாமாக அகன்று தரையைப் பிடித்துக்கொண்டதையும், மூச்சு கீழே இறங்கியதையும், எழுந்த கை மடியிலேயே வந்து விழுந்ததையும் நான் வேடிக்கை பார்த்தேன். அன்று வீட்டுக்குத் தெருவெல்லாம் குதித்துக்கொண்டே போனேன். மூன்று மாதமாக எந்தப் பிராதும் வரவில்லை.

பயிற்சியை முடிக்கையில் ஒரு வணக்கம் உண்டு. ஒரு கையை முஷ்டியாக்கி மறு உள்ளங்கையால் மூடி, கொஞ்சம் குனிந்து நிமிர வேண்டும். தச்சர் முற்றம் கிழக்கே பார்த்தது, ஆகையால் சபியா கிழக்கே பார்த்தே கற்றிருந்தாள், எனக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். நபிகள் புகழ் பாடும் மவுலூது விருந்துக்குச் சாமான் பார்க்க வந்த பள்ளிவாசல் அஜரத்தை அழைத்துக்கொண்டு அத்தா ஒருநாள் காலையில் குடோன் கதவைத் திறந்தபோது கண்ட காட்சி இதுதான்: முன்னால் புகைகிற பத்தி, ஜன்னலில் உதிக்கிற சூரியன், தொழும் திசையான கிப்லா இருக்கும் மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகூப்பிக் குனிந்து நிற்கிற இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் தெருவில் யார் பார்த்தாலும் ஒன்றைத்தான் நினைத்திருப்பார்கள். "சூரியனையா கும்பிடறீங்க?" என்று கேட்டார் அத்தா.

அஜரத் நல்ல மனிதர். "சின்னப் புள்ளைகங்க, தெரியாம செஞ்சிருக்கும், தௌபா சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டாப் போதுங்க" என்றார். ஆனால் கூட வந்த மூட்டை தூக்குகிறவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆரு ஆரம்பிச்சது?" என்றார் அத்தா.

சொல்ல வேண்டியது இரண்டு வரி. இது தொழுகை இல்லை அத்தா, பத்தி நாழி பார்க்க; வேண்டாமென்றவளை இழுத்து வந்தது நான். சொன்னால் படிப்பு போய்விடும். சபியா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பேசுவேன் என்று நம்பித்தான் பார்த்தாள். நான் பாதங்களை அழுத்தி ஊன்றி, மூச்சை இறக்கி, அவள் கற்றுக்கொடுத்தபடியே அசையாமல் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் அதற்குமுன் நின்றதில்லை. பிறகு அத்தாவைப் பார்த்து அவளே, "நான்தாங்க மாமா, அங்கத்த பழக்கம்" என்றாள். "நம்ம புள்ள பயந்து போய்க் கம்முனு நிக்குது பாரு" என்று அத்தா என் தலையைத் தடவினார்.

தெருவில் பேச்சுப் பரவ, ஒரே வாரத்தில் மாமியையும் சபியாவையும் அத்தா பீர்மேட்டு மலைக்கு அனுப்பிவிட்டார். அங்கே மாமியின் அண்ணன் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு அருகில் கடை வைத்திருந்தார். அவள் அங்கே பள்ளிக்கூடம் போகவில்லை. பதினைந்து வயதில் நிக்காஹ் ஆயிற்று. பஸ் கிளம்புகையில் ஜன்னல் வழியே, "நாளைக்கும் நில்லுடி, உட்ராத" என்றாள். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்; இல்லை என்பதுதான் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

நான் படித்தேன், வாத்தியாரானேன், கை ஓங்கி ஒரு பிள்ளையையும் அடிக்காதவள் என்று பேரெடுத்தேன். அத்தா படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அன்னைக்கு ஆரம்பிச்சது நான்தாங்கத்தா" என்றேன். கண்ணைத் திறக்காமலே பேசினார். "தெரியும் புள்ளே. தெனமும் கடையில பத்தி எடுத்தது நீதான்னு எனக்குத் தெரியாதா? ஊரு வாய மூட ஒரு புள்ளைய அனுப்பித்தான் ஆவோணும்னா, பெத்தவன் ஆரைய அனுப்புவான், நீயே சொல்லு."

குடோன் இருந்த இடத்தில் இன்றைக்கு செல்போன் கடை இருக்கிறது. மாடியில் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள், பெண்பிள்ளைகளும்தான், சாயங்காலமானால் கூச்சல் போட்டுக் குத்துப் பழகுகிறார்கள். யாரும் அவர்களை ஒரு சொல் கேட்பதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை, எழுந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். பீர்மேட்டுக்கு அந்தக் காலத்தில் பஸ் குறைவு, போக முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எத்தனையோ பஸ் போகிறது. போய்ச் சொல்வதற்குச் சபியா இல்லை.