கிடாரத்தில் வந்தவன் கேட்டது

படம் தொடங்கியதும் திரையில் வந்த எழுத்துகளை என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார். "உது தெலிவிசனிலை தொடராய் வந்த கதையாம். இப்ப படமாக்கியிருக்கினம்."

தெலிவிசன் என்றால் என்ன என்று கேட்டேன். "படம் தெரியிற ரேடியோ" என்றார். ரேடியோவுக்குள் படம் எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. கலியாணமாகி மூன்று கிழமையில் இந்த மனிதன் என்னோடு இவ்வளவு நீளமாகக் கதைத்தது இதுதான் முதல் தடவை என்றுதான் யோசித்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் போடுகிற தோட்டக்காரர் வீட்டுப் பெண். அவர் நெல்லியடிப் பக்கம், கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். சாதகம் பொருந்தியது, சீதனம் பேசியது, தாலி ஏறியது எல்லாம் மளமளவென்று நடந்தன. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாயை மட்டும் நெல்லியடியில் விட்டுவிட்டு வந்தார் போலிருந்தது. கேட்டால் 'ஓம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. "அத்தான் வாய்க்குள்ளை கொழுக்கட்டை வைச்சிருக்கிறாரோ?" என்று தங்கச்சி கேட்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும்.

எரிந்ததற்குக் காரணம் இருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த எங்கள் ஆட்கள் பலர் பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டு, அங்கே அறையும் சாப்பாட்டுக் கடையுமாக இருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை மெயில் ரயிலில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் தகப்பனை விருந்தாளி என்று நினைத்து வளர்ந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. என்னையும் அப்படி விட்டுவிட்டுப் போவாரா, கூட்டிக்கொண்டு போவாரா? அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பிடித்திருந்தால் கூட்டிக்கொண்டு போவார் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கொழும்புக்குப் போக ஆசை என்று அம்மாவிடம் மட்டும் முணுமுணுத்தேன்.

அம்மா அதை ஐயாவின் காதில் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் அவருடைய கலியாண லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஐயா மருமகனைத் தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குசினி யன்னலால் பார்த்தேன். ஐயா கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். இவர் தலையை ஆட்டினார், வேறொன்றுமில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று ஐயா கெஞ்சுகிறார் என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் மத்தியானம் அவர், "படத்துக்குப் போவமே?" என்றார். தமிழ்ப் படமாக்கும் என்று கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். இங்கிலீசுப் படம். தமிழ்ப் படத்துக்குப் போனால் சொந்தக்காரர் வரிசையாக இருப்பார்கள், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு விருந்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்கள் என்பது அவருடைய பயம்.

வெளியே கல்லும் வெடிக்கிற வெயில். உள்ளே இருட்டு. ஆட்கள் அங்கொன்று இங்கொன்றாக. தலைக்கு மேலே ஒளி நீளமாகப் போனது, அதற்குள் சுருட்டுப் புகை மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. திரையில் பனிமூட்டம் மூடிய ஒரு வெளி. அதில் வெள்ளியாய் ஒன்று வந்து இறங்கியது. எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற கிடாரத்தைக் கவிழ்த்துவைத்தால் எப்படி, அப்படி. அதற்குள்ளிருந்து நெட்டையாய் ஒருவன் வந்தான். தலையில் ஊறுகாய்ச் சாடி போல ஒரு கண்ணாடி.

பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு எனக்கு அங்கே உதவவில்லை. அவர் என் பக்கம் சாய்ந்து சொல்லத் தொடங்கினார். இருட்டில் முகம் தெரியவில்லை, குரல் மட்டும். பின்னேரத்தில் வரம்பில் படுத்துக் கண் சொருகும்போது வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்குமே, அப்படி இருந்தது. விழித்திருக்கிறேனா, கனவா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். படம் முடியவே கூடாது என்று இருந்தது.

"உவன் வேறை உலகத்தான். லீவிலை வந்திருக்கிறான்" என்றார்.

"அங்கையும் லீவு இருக்கோ?"

"எங்கை போனாலும் கந்தோர்தானே."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன், நாங்கள் இருந்த கதிரை ஆடியது.

"உவன்ரை ஊரிலை கிணறு இல்லை. இருக்கிறது ஒரு சின்ன அறை. கடல் இரைஞ்சுகொண்டே கிடக்கும். பக்கத்தாலை ரயில் போனால் சுவர் அதிரும்."

வேற்று உலகத்தில் ரயில் எங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த இருட்டில் எனக்கு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

பிறகு, மினுங்குகிற யந்திரங்கள் நிறைந்த ஒரு நீள அறை. ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். சாடித் தலையன் அவள் முன்னால் வந்து என்னவோ கேட்டான்.

"என்னவாம்?" என்றேன்.

"தன்னோடை வாறீரோ எண்டு கேக்கிறான். வந்தால் கஷ்டப்படுவீர் எண்டும் சொல்லுறான். கேக்கவே கூச்சமாக் கிடக்காம்."

அந்தப் பெண் கண்ணை அகல விரித்தபடி பேசாமல் நின்றாள்.

"அவள் என்ன சொல்லுவாள் எண்டு நினைக்கிறீர்?" என்றார்.

"அவளுக்கு இஞ்சை என்ன வேலை? போவாள்."

"பயப்பிட மாட்டாளோ?"

"பக்கத்திலை ஆள் இருக்கேக்கை என்ன பயம்?"

அதற்குப் பிறகு அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். நெருப்பு எரிந்தது, பட்டாளத்துக்காரர் ஓடினார்கள், கிடாரம் புகைந்தது. கடைசியில் அந்தப் பெண் போனாளா என்று கேட்டேன். "போயிட்டாள்" என்றார். பஸ்ஸில் வீடு திரும்பும் வரை வேறு கதை இல்லை.

அன்று பின்னேரம் அம்மா தேத்தண்ணி கொடுக்கும்போது, "நாளைக்கு இவவும் என்னோடை வாறா" என்றார் ஐயாவைப் பார்த்து. ஐயா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போனார். மறுநாள் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறவேணும் என்று ஸ்டேசனுக்கும் வரவில்லை. காரியம் முடிந்த திருப்தி என்று நினைத்தேன்.

கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரு அறை. கடல் இரைந்தது. ரயில் போகும்போது சுவர் அதிர்ந்தது. "அந்தப் படத்திலை வந்தவன்ரை ஊர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றுகூட ஒருநாள் சொன்னேன். "ம்" என்று பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். மண்டையில் ஒன்றும் ஏறாத பிறவி நான்.

சந்தோசமாகத்தான் இருந்தேன். ஆனாலும் ஒரு முள் குத்திக்கொண்டே கிடந்தது. சண்டை வந்தால் நான் கடைசியில் எடுக்கிற ஆயுதம் ஒன்றுதான். "ஐயா கெஞ்சினபடியாலைதானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்!" அவர் மறுமொழி சொன்னதே இல்லை. மௌனம் சம்மதம் என்றுதானே சொல்லுவார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவர் நேரத்தோடே பென்சன் எடுத்து நாங்கள் உரும்பிராய்க்குத் திரும்பியபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஐயாவும் அம்மாவும் போய்விட்டார்கள். சவூதியிலிருந்து வந்த பெறாமகன், இவருடைய தமையனின் பிள்ளை, ஒரு தெலிவிசன் கொண்டுவந்து, தென்னையோடு இரும்புக் குழாயைக் கட்டி அன்ரனாவும் பூட்டிவிட்டுப் போனான். பொழுதுபட்டால் எங்கள் விறாந்தை நிறையச் சனம்.

ஒருநாள் பின்னேரம் பழைய இங்கிலீசுத் தொடர் ஒன்று போட்டார்கள். பனிமூட்டம். வெள்ளியாய் ஒன்று இறங்கியது, அதைத் தொங்கவிட்ட நூல்கூடத் தெரிந்தது. நடிகர்கள் வேறு ஆட்கள். ஆனாலும் அதே பெயர், அதே கிடாரம், அதே சாடித் தலையன். படத்துக்கு முந்திய தாய்த் தொடர் இதுதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொழும்பில் இருந்த காலத்தில் இங்கிலீசும் எனக்குப் பழகியிருந்தது. அந்த அறைக் காட்சிக்காகக் காத்திருந்தேன்.

வந்தது. அவன் அந்தப் பெண்ணிடம் கேட்டது குண்டு வைத்துப் பூட்டிய பெட்டியின் திறப்பை. எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய், சொல்லாவிட்டால் ஊரைச் சாம்பலாக்குவேன் என்றான். அவ்வளவுதான். லீவும் இல்லை, சின்ன அறையும் இல்லை, கூச்சமும் இல்லை.

"என்னவாம் அக்கா கேக்கிறான்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எழும்பிக் குசினிக்குப் போய் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் பின்னால் வந்தார்.

"அண்டைக்குப் படத்திலை உவன் வேறை என்னவோ எல்லோ கேட்டவன்?" என்றேன்.

"படமாக்கேக்கை மாத்தியிருப்பினம்."

நான் திரும்பிப் பார்த்தேன். தலை நரைத்த மனிதனுக்குக் காது மடல் சிவந்திருந்தது.

"உண்மையைச் சொன்னால், அதிலை அவங்கள் கதைச்ச இங்கிலீசு எனக்கும் ஒரு சொல்லும் விளங்கேல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனாலும் அந்த முள்ளைப் பிடுங்காமல் விட மனமில்லை. "அப்ப ஐயா கிணத்தடியிலை கெஞ்சினது?"

"அவர் கெஞ்சினவர்தான். பிள்ளையை எங்களோடையே விட்டிட்டுப் போங்கோ தம்பி, அவளைப் பிரிஞ்சு இருக்கமாட்டம் எண்டு. நானும் ஓமெண்டு தலையாட்டிப்போட்டன்."

விறாந்தையில் பிள்ளைகள் கத்தினார்கள், கிடாரம் எரிகிறது போல. இத்தனை வருசமும் நான் கத்தினதெல்லாம் கேட்டுக்கொண்டு, ஐயாவை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்.

"பிறகேன் என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"இதென்ன கேள்வி?" என்றார். "நீரெல்லோ வாறன் எண்டு சொன்னனீர்."